ஓர் அடுப்பின் எடை

என் அடுப்பின் எடை 12 கிராம். கிளையில் நகைக்கடனுக்காக வைத்திருக்கும் தராசில் நிறுத்துப் பார்த்தேன். கல், அரக்கு போக நிகர எடை எவ்வளவு என்று குறித்துக்கொள்வது நகை மதிப்பீட்டாளரின் வழக்கம். இதில் கல்லும் இல்லை, அரக்கும் இல்லை என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சுத்தமான சரக்குதான் சார், என்ன, அலுமினியமாப் போச்சு" என்று கையில் கொடுத்தார்.

குளிர்பான டின்கள் இரண்டின் அடிப்பாகம்தான் அது. இதைப் பையில் போட்டுக்கொண்டு, மூன்று ஆண்டுகளாக, மழை ஓய்ந்த செப்டம்பரில் இமாலயத்தின் பக்கம் போய் ஒரு வாரம் நடந்துவிட்டு வருகிறேன். வங்கி ஊழியர்களுக்கு எல்.எஃப்.சி. என்று ஒரு பயணச் சலுகை உண்டு. சக ஊழியர்கள் அதில் குடும்பத்தோடு அந்தமான் பார்க்கிறார்கள். குடும்பம் என்று எனக்கு இருப்பது அம்மா ஒருத்தி. திருப்பதிக்கு மேல் உயரம் தனக்கு வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். எனவே தனியாக, அல்லது யாராவது ஒரு நண்பரோடு. அடுப்பைப் பற்றி எழுதலாமா என்று கேட்டபோது ஆசிரியர் ஆட்சேபிக்கவில்லை. கவிதையைப் பற்றி எழுதினாலும் ஆட்சேபம் இல்லை என்று மட்டும் சொன்னார்.

செய்முறை எளிது. டின்னை அடியிலிருந்து மூன்றரை சென்டிமீட்டர் உயரத்தில் வெட்ட வேண்டும். கத்தரிக்கோல் கோணலாகப் போகும். தடித்த புத்தகம் ஒன்றின் பக்கங்களுக்கிடையில் பிளேடைச் செருகி, அதன் நுனி படும்படி டின்னை நிறுத்தி மெதுவாகச் சுற்றினால் கீறல் நேராக விழும். பிறகு விரலால் அழுத்தினால் பிரிந்துவிடும். நான் உபயோகித்தது பி.ஏ. படிக்கும்போது வாங்கிய ஆங்கில இலக்கிய வரலாறு ஒன்று. விக்டோரியா காலம் முடிகிற இடத்தில் உயரம் சரியாக இருந்தது. இப்படி இரண்டு அடிப்பாகங்கள். ஒன்றின் நடுக்குழிவை வெட்டி எடுத்துவிட வேண்டும், அது மேல்பாதி. மிச்சமான தகட்டில் ஒரு பட்டை கத்தரித்து வளையமாக்கி, அதன் கீழ் ஓரத்தில் மூன்று சின்னப் பிறைகள் வெட்டி, உள்ளே நிறுத்த வேண்டும். அப்புறம் ஒரு பாதியை மற்றதற்குள் செருகி அழுத்த வேண்டும். பொறுமை வேண்டிய இடம் இதுதான். தகடு கிழிந்தால் மறுபடி முதலிலிருந்து. கடைசியாக மேல் ஓரத்தைச் சுற்றி 16 துளைகள். வவுச்சர் கட்டுகளைத் தைக்கிற ஊசி இதற்குப் பெரிது. குண்டூசிதான் சரி. துளை பெரிதானால் தீ மஞ்சளாக, சோம்பலாக எழும்பும்.

நடுவில் ஸ்பிரிட்டை ஊற்றிப் பற்றவைத்தால் முதல் அரை நிமிஷம் ஒன்றும் விசேஷமாக நடக்காது. கிண்ணத்தில் ஏதோ எரிகிறது என்பதோடு சரி. தகடு சூடேற ஏற, இரட்டைச் சுவர்களுக்கு நடுவில், பிறைகளின் வழியாகப் புகுந்திருக்கும் ஸ்பிரிட் கொதிக்க ஆரம்பிக்கிறது. அது கொதிக்க 78 டிகிரி போதும். ஆவி வெளியேற வேறு வழியில்லாமல் துளைகளுக்கு வருகிறது. ஒவ்வொரு துளையாகப் பற்றிக்கொள்கிறது. ஒரு நீல வட்டம் நின்றுவிடுகிறது. திருகு இல்லை, பம்ப் இல்லை, அசைகிற பாகம் எதுவுமே இல்லை. தீயைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஊற்றியது தீரும்வரை தன்னிஷ்டப்படி எரியும். எனவே எவ்வளவு தண்ணீர், எவ்வளவு ஸ்பிரிட் என்பதை முதலிலேயே நிச்சயித்துவிட வேண்டும். சைக்கிள் ஸ்போக் கம்பிகளை வளைத்து ஒரு கால், காற்றை மறைக்க அலுமினியத் தாளில் ஒரு சுற்றுச்சுவர், இவற்றோடு சமையலறை முடிந்தது.

இதில் என் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. அமெரிக்காவில் மாதக்கணக்கில் நடக்கிறவர்கள் முப்பது ஆண்டுகளாகப் பானங்களின் டின்னிலும் பூனைத் தீனி டப்பாவிலும் இதைச் செய்துவருகிறார்கள். ஸ்வீடனில் டிராங்கியா என்ற நிறுவனம் அதற்கும் வெகு காலம் முன்பிருந்தே பித்தளையில் செய்து விற்றுவரும் ஸ்பிரிட் அடுப்பின் தத்துவமும் இதுவே. மூடி போட்ட, கனமான, கைமாறிக் கைமாறிப் பேரன் வரை வரக்கூடிய பொருள் அது. என்னுடையது இரண்டு பருவம் தாங்கும். மிதித்தால் போயிற்று.

ஹிமாசலப் பிரதேசத்தில் குலு பக்கத்திலிருந்து லாஹௌல் பக்கத்துக்குக் கடக்க ஹம்ப்டா கணவாய் என்று ஒன்று இருக்கிறது. உயரம் 4,270 மீட்டர். கத்தி இடையர்கள் கோடையில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கடக்கிற பழைய வழி. இந்தப் பக்கம் புல்லும் பூர்ஜமரமும் ஓடையுமாக இருக்கிற பூமி, கணவாயைத் தாண்டியதும் ஒரே நாளில் வெறும் கல்லும் மண்ணுமாகிவிடுகிறது. கணவாய்க்கு முந்தைய தங்குமிடம் பாலு கா கேரா, சுமார் 3,600 மீட்டர். மரங்கள் அதற்குக் கீழேயே நின்றுவிடுகின்றன. அங்கேதான் முதல்முறையாக இந்த அடுப்பை உயரத்தில் பற்றவைத்தேன்.

கடற்கரையில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு டிகிரி முன்னதாகவே கொதித்துவிடுகிறது. பாலு கா கேராவில் 88 டிகிரி. எவரெஸ்ட் உச்சியில் எழுபத்து ஒன்று போல. பாத்திரத்தில் குமிழிகள் துள்ளும், ஆவி பறக்கும், வேகாது. அரிசி ஒரு மாதிரியாக நடுவில் மாவுப் பொட்டோடு நின்றுவிடும். துவரம் பருப்பு மணிக்கணக்கில் உருண்டுகொண்டிருக்கும், குழையாது. மலையில் குக்கர் அவசியமாவது இதனால்தான்; ஆவியை அடைத்து வைப்பதன் மூலம், கீழே விட்டுவந்த சமவெளியை அது பாத்திரத்துக்குள் உண்டாக்கிக்கொள்கிறது. குக்கரைத் தூக்க முடியாதவன் சாப்பாட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். நான் அவலுக்கு மாறினேன். ஏற்கெனவே வெந்து இடிபட்ட அரிசி. வெந்நீரை ஊற்றி மூடிவைத்து, வீட்டில் வறுத்துப் பொட்டலம் கட்டிய புளிக்காய்ச்சல் பொடியைக் கலந்தால் ஐந்து நிமிஷத்தில் சாப்பாடு. குசேலரிடமிருந்து பெற்ற பாடம் என்று நண்பர் சொன்னார். அவர் கவிஞர்.

ஸ்பிரிட்டுக்கும் இந்த உயரத்துக்கும் உள்ள சம்பந்தம் விசித்திரமானது. 4,000 மீட்டரில் காற்றழுத்தம் கீழே இருப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான். மனிதன் இளைக்கிறான், தீயும் இளைக்கிறது. ஆனால் ஸ்பிரிட்டின் மூலக்கூறிலேயே கொஞ்சம் ஆக்ஸிஜன் சேர்ந்திருக்கிறது. எனவே எரிவதற்கு அது மண்ணெண்ணெய் அளவுக்குக் காற்றைக் கேட்பதில்லை. அதே காரணத்தால்தான் அது தரும் சூடும் குறைவு. கிராமுக்குக் கிராம் வைத்துப் பார்த்தால் மண்ணெண்ணெயின் சூட்டில் ஐந்தில் மூன்று பங்குக்குச் சற்று மேல். பாதி வழி எரிந்துவிட்டு நம்மிடம் வரும் எண்ணெய் என்று அதைச் சொல்லலாம். குளிரில் இன்னொரு தொல்லை. உறைநிலைக்குப் பக்கத்தில் தீக்குச்சி காட்டினால் எளிதில் பிடிக்காது; ஆவி போதாது. இரவில் புட்டியை உறக்கப்பைக்குள் வைத்துக்கொண்டு படுத்தால் காலையில் சமத்தாக எரியும்.

பாலு கா கேராவில் நாங்கள் மட்டும் இல்லை. மலையேற்ற நிறுவனங்களின் கூடாரங்கள் ஓடைக் கரை நெடுக வரிசையாக இருந்தன. வருகிறவர்கள் பெரும்பாலும் நகரத்தில் கணினி முன் உட்கார்ந்திருப்பவர்கள். முதுகில் ஒரு சின்னப் பை, தண்ணீர், மழைக்கோட்டு. மற்றதெல்லாம் கோவேறு கழுதைகளின் மேல் வருகிறது. சமையல் கூடாரம், எரிவாயு சிலிண்டர், குக்கர்கள், முட்டைகள், பத்துப் பேர் உட்காரும் மடக்கு மேஜை. சமையற்காரர்கள் எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய், நடப்பவர்கள் வந்து சேரும்போது சூப்பைத் தயாராக வைத்திருப்பார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு ஒருவர் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு கூடாரம் கூடாரமாகப் போய் "சாய், சாய்" என்று மெல்லக் கூப்பிடுவார். ஜிப் திறந்து ஒரு கை மட்டும் வெளியே நீளும். கையில் குவளை வைக்கப்படும். கை உள்ளே போய்விடும்.

ஊர் திரும்பியதும் இந்தக் கைகள் கட்டுரை எழுதுகின்றன. இமாலயப் பயணம் பற்றித் தமிழில் அச்சானவற்றில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்து வைத்திருக்கிறேன். பக்தி யாத்திரை எழுதுகிறவர்கள், தனிமையைத் தேடிப் போகிறவர்கள், படிமங்களைத் தேடிப் போகிறவர்கள் என்று ரகங்கள் வேறு. ஒரு வாக்கியம் மட்டும் எல்லாவற்றிலும் பொது: "தேநீர் வந்தது." மேகம் வருவதுபோல, மழை வருவதுபோலத் தேநீர் வருகிறது. அதைக் குடித்தபடி ஆசிரியர் சிகரத்தைப் பார்க்கிறார், பிரபஞ்சத்தின் முன் தான் தனியன் என்று உணர்கிறார். கெட்டிலைப் பிடித்திருப்பவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருக்கிறார். இதைத் தனிமை என்று சொல்வதற்கு ஒரு தனிப் பயிற்சி வேண்டும்.

நண்பருக்கு என் அடுப்பின் மீது காதல் வந்துவிட்டது. கவிதை என்பது இதுதான் என்று இரவு முழுதும் வாதித்தார். வேண்டாததை வெட்டி வெட்டி, இனி வெட்ட எதுவும் இல்லை என்ற நிலையில் மிஞ்சும் 12 கிராம். எடையற்ற மொழி. அந்தக் குளிரில் எனக்கு மறுத்துப் பேசத் தெம்பில்லை. இறங்கி வந்த பிறகு பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வங்கிக்காரன் வேறு எப்படி விவாதிப்பான்?

ஒரு ஆள், நாளைக்கு இரண்டு தடவை, அரை லிட்டர் தண்ணீர். உயரம், குளிர், காற்று எல்லாம் சேர்த்துத் தடவைக்கு 30 மி.லி. ஸ்பிரிட். ஐந்து நாளைக்கு 300 மி.லி., அதாவது சுமார் 240 கிராம். அடுப்போடு 252. இதற்குப் பதில் 100 கிராம் வாயு கொண்ட சின்ன உருளையை எடுத்தால், அதன் இரும்புக் கூடும் சேர்ந்து 200 கிராம். அதன் மேல் திருகுகிற அடுப்பு 90. மொத்தம் 290. ஸ்பிரிட்டுக்கு ஜயம், மயிரிழையில். இப்போது இரண்டு பேர், எட்டு நாள் என்று மாற்றுங்கள். ஸ்பிரிட் மட்டும் 770 கிராம் ஆகிறது. வாயுவில் போனால் எல்லாம் சேர்த்து 500-க்குள் அடங்கிவிடும். பனியை உருக்கித்தான் தண்ணீர் என்றால் நிலைமை இன்னும் மோசம். 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனியை 0 டிகிரித் தண்ணீராக மாற்றுவதற்குச் செலவாகும் சூட்டில், அதே தண்ணீரை 80 டிகிரிக்கு ஏற்றிவிடலாம். அதாவது கொதிக்கவைக்க ஆகும் செலவு அத்தனையும், தண்ணீர் என்ற ஸ்தானத்துக்கு வருவதற்கே ஆகிவிடுகிறது. எரிபொருள் இரட்டிப்பு. 12 கிராம் அடுப்பு அங்கே உலகத்திலேயே கனமான அடுப்பு.

எடை எங்கும் போய்விடவில்லை, புட்டிக்கு மாறியிருக்கிறது, அவ்வளவே. நண்பர் சொன்ன எடையற்ற கவிதைகளிலும் எனக்கு இந்தச் சந்தேகம்தான். சொற்களைக் குறைத்துவிட்டால் சுமை வாசகனின் பைக்குப் போகிறது. சில வேளை அது நியாயமான பங்கீடு. பல வேளை, கவிஞர் கைவீசி நடக்க, பின்னால் ஒருவன் மூச்சு வாங்க வருகிறான். எத்தனை கிராம் யார் முதுகில் என்று கேட்காமல் சிக்கனத்தைப் பாராட்டுவதில் பொருளில்லை. 1959-ல் 'எழுத்து' தொடங்கிய சி.சு. செல்லப்பா புத்தக மூட்டைகளைத் தோளில் சுமந்து ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். புதுக்கவிதைக்குக் கிலோக் கணக்கில் எடை உண்டு என்று தோளறிய அறிந்த விமர்சகர் தமிழில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

பனியை உருக்குவது பற்றிச் சொன்னேன். 1952 மே 27 இரவு, எவரெஸ்டின் தென்கிழக்கு முகட்டில் சுமார் 8,400 மீட்டர் உயரத்தில், ஸ்விஸ் குழுவைச் சேர்ந்த ரேமோன் லாம்பேரும் டென்சிங் நோர்கேயும் ஒரு சின்னக் கூடாரத்தில் தங்கினார்கள். அங்கே தங்குவதாகத் திட்டம் இல்லை. உறக்கப்பைகள் இல்லை. அடுப்பும் இல்லை. ஒரு காலி டின்னில் பனிக்கட்டித் துண்டுகளைப் போட்டு மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி உருக்கினார்கள். அதுவரை எந்த மனிதனும் சமைக்காத உயரத்தில், கையில் கிடைத்ததைக் கொண்டு செய்த அடுப்பு. என் ஜாதி அடுப்புகளின் மூதாதை என்று நான் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். உறங்கினால் விறைத்துப்போவோம் என்று ஒருவரை ஒருவர் தட்டிக்கொண்டும் தேய்த்துக்கொண்டும் இரவைக் கழித்தார்கள். நாக்கை நனைக்கும் அளவுக்குத்தான் தண்ணீர் கிடைத்தது. மறுநாள் சரியாக வேலை செய்யாத ஆக்ஸிஜன் கருவிகளோடு ஏறக்குறைய 8,600 மீட்டர் வரை ஏறித் திரும்பினார்கள்.

பிரிட்டிஷ் குழுவோடு இருந்த உடலியலறிஞர் கிரிஃபித் பியூ, உயரத்தில் மனிதன் இழக்கும் நீரைக் கணக்கிட்டு, நாளைக்குச் சில லிட்டராவது குடித்தாக வேண்டும் என்று வற்புறுத்தினார். குடிப்பது என்றால் உருக்குவது, உருக்குவது என்றால் எரிபொருள். அதாவது சுமப்பதற்கு ஆள். அடுத்த ஆண்டு மே 28 இரவு, கடைசிக் கூடாரத்தில் ஹில்லரிக்கும் டென்சிங்குக்கும் ஒரு பிரைமஸ் இருந்தது. சூப்பும் எலுமிச்சைச் சாறும் நிறையக் குடித்தார்கள். காலையில் கல்லாக உறைந்திருந்த ஹில்லரியின் பூட்ஸை அந்த பிரைமஸில்தான் வாட்டி இளக்கினார்கள். 1952-க்கும் 1953-க்கும் நடுவே பல வித்தியாசங்கள் உண்டு. ஒரு ஸ்டவ் அதில் சின்ன வித்தியாசம் இல்லை. மெழுகுவர்த்தியின் இரவைப் பற்றித்தான் காவியத் தொனியில் எழுதுகிறார்கள். பிரைமஸைத் தூக்கிவந்ததைப் பற்றிக் காவியம் கிடையாது.

பிரைமஸ் என்ற பெயர் எங்கள் வீட்டில் உச்சரிக்கப்படுவதில்லை. அதற்கு வருகிறேன்.

ஸ்பிரிட் வாங்குவது ஒரு தனிப் படலம். ரயிலிலும் விமானத்திலும் கொண்டுபோகக் கூடாது. மணாலியில்தான் தேட வேண்டும். ஆனால் அடுப்பைச் சோதித்துப் பார்க்க இங்கேயே கொஞ்சம் வேண்டியிருந்தது. மரச்சாமான்களுக்கு பிரெஞ்சு பாலிஷ் போடுகிறவர்கள் உபயோகிக்கிற சரக்கு. கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோயிருந்தார்கள். அடுப்புக்கு என்றேன். எந்த அடுப்புக்கு என்றார். பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அதைப் பார்த்த பிறகு சந்தேகம் அதிகமாயிற்று. ஆதார் அட்டையின் நகலும் வங்கி அடையாள அட்டையும் சேர்ந்து அரை லிட்டருக்கு ஈடாயின.

மொட்டைமாடியில், பகலில் பற்றவைத்தேன். ஸ்பிரிட் தீ வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. எரிகிறதா இல்லையா என்று மேலே உள்ளங்கையைக் காட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். துணி எடுக்க வந்த அம்மா வாசனையில் நின்றுவிட்டாள்.

"என்னடா அது?"

"அடுப்பும்மா. மலைக்குப் போறதுக்கு."

"வெடிக்குமா?"

"வெடிக்காதும்மா. நடுவுல திறந்திருக்கு பாரு. உள்ளே அழுத்தமே சேராது. இது வெடிக்கிற ஜாதி இல்லை."

அம்மா கொடியிலிருந்து புடவையை எடுத்து மடித்தாள். "அதுவும் வெடிக்கலைடா" என்றாள். கீழே போய்விட்டாள்.

அம்மாவின் தங்கை, நான் பிறப்பதற்கு முன், 1984-ல் இறந்துபோனாள். கல்யாணமாகி பதினான்கு மாதம். "ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி" என்று அந்த நாளைய பத்திரிகைகளின் உள்பக்கத்தில் வாராவாரம் ஒரு செய்தி வரும். அவற்றில் ஒன்று அவள். தலைப்பில் பெயரும் ஊரும் வயதும் மட்டும் மாறும். அதற்கு முந்தைய ஆண்டுதான் 498ஏ சட்டத்தில் சேர்ந்திருந்தது. வரதட்சிணைச் சாவு என்று ஒரு தனிக் குற்றமாக 304பி வந்தது 1986-ல். எங்கள் தாத்தா வழக்குப் போடவில்லை. இன்னும் இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு இருந்தார்கள். இவ்வளவும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது, யாரும் பேசாதது. அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மா தானாகவே இன்னொன்றையும் சொன்னாள். பதினைந்து நாள் கழித்து, சித்தியின் சாமான்களை எடுத்துவரப் போயிருக்கிறார்கள். அந்த வீட்டுச் சமையலறையில் பித்தளை பம்ப் ஸ்டவ் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்திருக்கிறது. ஒரு நசுங்கல் கிடையாது. அதில்தான் வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார்களாம். அம்மா குடித்தாளா என்று நான் கேட்கவில்லை.

தமிழ் வாக்கியத்துக்கு எழுவாய் கட்டாயம் இல்லை. சொல்லாமல் விட்டாலும் வினைமுற்றின் விகுதி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். தோன்றா எழுவாய் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். "வந்தேன்" என்றால் யார் என்று கேட்க வேண்டியதில்லை. மறைந்திருக்கிற எழுவாய் ஆபத்தில்லாதது. "ஸ்டவ் வெடித்தது" என்பதில் எழுவாய் நன்றாகத் தோன்றி, பளபளவென்று நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பின்னால் நிற்கும் ஆட்கள்தான் தெரிவதில்லை. கைதேர்ந்த வாக்கியம். காவல் நிலையத்தில் எழுதிக்கொள்ளலாம், பத்திரிகையில் போடலாம், உறவினர்களிடம் சொல்லலாம். பொய் என்று யாரும் எளிதில் கை வைக்க முடியாது; ஸ்டவ்களும் வெடித்துக்கொண்டுதான் இருந்தன. "தேநீர் வந்தது" என்பதற்கு இவ்வளவு கொடூரம் கிடையாது. ஆனால் அதே அச்சில் வார்த்தது. எங்கள் வங்கியில்கூட "கடன் வாராக்கடன் ஆயிற்று" என்றுதான் எழுதுகிறோம். பால் திரிந்ததுபோல, கடன் தானாகவே ஒரு நாள் ஆகிவிடுகிறது. வெயிலில் தெரியாத தீ என்று இதையெல்லாம் ஒரு படிமமாக்கிவிட நண்பர் ஆசைப்படுவார். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

நானே சுமந்து நானே கொதிக்கவைத்தால் புனிதனாகிவிட்டதாகவும் நான் நினைக்கவில்லை. ஸ்பிரிட் கரும்பாலை மொலாஸிலிருந்து வருகிறது; கரும்பை வெட்டியவர் யார் என்று நான் விசாரித்ததில்லை. அலுமினியத்தின் பின்னால் ஒரு மலையைக் குடைந்திருப்பார்கள். என் அடுப்பு எனக்குச் செய்வது மிகச் சின்ன உபகாரம்: அரை லிட்டர் வெந்நீருக்கு 30 மி.லி. என்று தெரியும். அதை முதல் நாள் காலையில் என் முதுகு எண்ணிப் பார்த்திருக்கிறது. "தேநீர் போட்டேன்" என்று நான் எழுதினால் அந்த வாக்கியத்தில் வரவும் செலவும் நேராகிவிடும். மற்ற வாக்கியங்களுக்கு என்னால் ஜாமீன் கொடுக்க முடியாது.

பாலு கா கேராவில் கோவேறு கழுதைகளை ஓட்டிவந்தவர் ஒருவர், சாயங்காலம் மூட்டைகளை இறக்கிய பிறகு எங்கள் அருகில் வந்து குந்தினார். நீல வட்டத்தை வெகு நேரம் பார்த்தார். எவ்வளவு விலை என்றார். இரண்டு காலி டின் என்றேன், எனக்குத் தெரிந்த ஹிந்தியில். கையில் வாங்கிப் பார்க்க நினைத்து, சூடு என்று கையை இழுத்துக்கொண்டார். "இதில் ரொட்டி சுட முடியுமா?" என்று கேட்டார். முடியாது, தண்ணீர் மட்டும்தான் என்றேன். தலையசைத்தார். வெறும் தண்ணீரைக் கொதிக்கவைக்க இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்களே என்று அவர் நினைத்திருந்தால் அதில் தவறில்லை. இருட்டியதும் அவர்களுடைய தார்ப்பாய்க்கு அடியிலிருந்து விறகுப் புகையும் ரொட்டி வாசனையும் வந்தன. கீழிருந்தே கழுதை மேல் ஏற்றிவந்த விறகு. கூடவே இரண்டு ரொட்டியும் எங்களுக்கு வந்தது. தானாக வரவில்லை, அவரே கொண்டுவந்து கொடுத்தார். பெயர் கேட்டுக்கொண்டேன், இங்கே எழுதவில்லை.

வரும் செப்டம்பரில் பின் பார்வதி கணவாய் என்று நண்பர் தீர்மானித்திருக்கிறார். 5,300 மீட்டருக்கு மேல். பத்து நாள், இரண்டு பேர், மேலே பனி உருக்கியாக வேண்டும். கணக்கு ஏற்கெனவே போட்டுவிட்டேன், ஸ்பிரிட் எடுபடாது. வாயு உருளையும் அந்தக் குளிரில் சோர்ந்துவிடும். உள்ளே இருக்கும் பியூட்டேன் உறைநிலைக்குக் கீழே ஆவியாக மறுக்கிறது. மண்ணெண்ணெய்தான் வழி. பம்ப் அடித்து அழுத்தம் ஏற்றுகிற சின்ன ஸ்டவ் ஒன்றைப் பழையதாகப் பார்த்து வைத்திருக்கிறேன், பித்தளை, அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். லீவுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.